கயிற்றில் தொங்கும் கைப்பேசி

கைப்பேசியை வண்ணக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டி வருவதைச் சிலர் வீண் பகட்டு என்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை.

ஜப்பானியரின் கிமோனோ உடையில் சட்டைப்பை போன்ற பை கிடையாது. ஆகவே எடோ காலத்தில் (1603–1868) ஆடவர் புகையிலைப் பையையும் மருந்துச் சிமிழையும் கயிற்றில் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிட்டனர். கயிறு நழுவாதிருக்க மேல்முனையில் ‘நெட்சுகே’ என்னும் குமிழ். தந்தத்திலும் மரத்திலும் எலியாகவும் குரங்காகவும் அதைச் செதுக்கினர். தேவைக்குப் பிறந்தது கலையாயிற்று. பிற்காலத்தில் அந்நாட்டுக் கைப்பேசிகளின் மூலையில் கயிறு கோக்கத் துளை வந்தது. அதில் பொம்மைகள் தொங்கின. 2008-இல் அங்கு விற்பனைக்கு வந்த ஐபோனில் அத்துளை இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே ஆப்பிள் நிறுவனம் 2025-இல் தோளில் மாட்டும் வாரைத் தானே விற்கத் தொடங்கிவிட்டது!

நம் மாணவியர் உடையிலும் பெரும்பாலும் பை இல்லை. பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையை யாரேனும் பகட்டு என்றதுண்டா? நெரிசல் பேருந்தில் ஒரு கை கம்பியில், மறு கையில் புத்தகம். தவணை முடியாத கைப்பேசி கீழே விழுந்தால் எங்கள் வீடுகளில் அது ஒரு மாதக் கூலி. கயிற்றைப் பழிப்போர் முதலில் தையற்காரரிடம் பேசட்டும்.

வேதியியல் ஆய்வகத்தில் மட்டும் கழற்றி வைத்துவிடுவோம், தோழியரே! பன்சன் சுடர்மேல் குனிந்தால் நைலான் கயிறு உருகிவிடும்.