கூடாரம் ஒண்டு, வாடகை ரெண்டு

மொறோக்கோவுக்கு ஆக்களைக் கூப்பிடுற சுற்றுலா விளம்பரங்களை வாசிச்சால் 'பெர்பர்' எண்ட சொல் கட்டாயம் கண்ணில படும். பெர்பர் கூடாரம், பெர்பர் கம்பளம், பெர்பர் தேநீர், பெர்பர் இரவுச் சாப்பாடு. கவனிச்சுப் பாருங்கோ, அந்தச் சொல்லுக்குப் பின்னால எப்பவும் ஒரு பொருள்தான் வரும். பெர்பர் ஆசிரியை, பெர்பர் வழக்கறிஞர் எண்டு நாங்கள் ஒரு விளம்பரத்திலயும் கண்டதில்லை.

அந்தப் பெயரும் அந்த மக்கள் தங்களுக்கு வைச்சுக்கொண்டதில்லை. தங்கட பாஷை பேசாத ஆக்களைக் கிரேக்கரும் ரோமரும் இளக்காரமாய்ச் சொன்ன சொல்லிலயிருந்து வந்ததெண்டுதான் பொதுவாய்ச் சொல்லப்படுது. அவை தங்களை அமாசிக் எண்டு சொல்லினம். தங்கட மொழிக்காகக் கன காலம் போராடினவை. அவையின்ர திஃபினாக் எழுத்தை மொறோக்கோ அரசு 2003 இல ஏற்றுக்கொண்டது. 2011 அரசியலமைப்பில அமாசிக் மொழி அரபோட சேர்த்து உத்தியோகபூர்வ மொழியானது. ஹொட்டேல் விளம்பரத்தில இதெல்லாம் வராது. கம்பளம் மட்டும்தான் வரும்.

பார்க்கப் போற இடங்களிலயும் இதே கதைதான். அயித் பென்ஹத்து எண்ட மண்கோட்டை ஊரை யுனெஸ்கோ 1987 இல உலக மரபுரிமைப் பட்டியலில சேர்த்தது. 'லோறன்ஸ் ஒஃப் அரேபியா', 'கிளாடியேட்டர்' எண்டு எத்தினையோ படங்களில அந்த ஊர் வேற ஊராய் நடிச்சிருக்கு. ஆனால் ஊர்ச் சனத்தில பெரும்பாலானவை வசதி தேடி ஆற்றுக்கு அங்கால புது ஊருக்குப் போயிட்டினம். பழைய ஊரில மிஞ்சியிருக்கிறது சில குடும்பங்கள்தான். வெறுமையாய்க் கிடக்கிற ஊர்தான் படத்துக்கு வடிவு போல.

எங்களை இதை எழுத வைச்சது கூடாரம். மராகேஷிலயிருந்து தெற்கே ஒரு மணித்தியாலம் மட்டில போனால் உயர் அட்லஸ் மலையில அஸ்னி வரும். அதுக்குப் பக்கத்தில இருக்கிற 'கஸ்பா தமடோட்' எண்ட மாளிகையை பிரித்தானியக் கோடீஸ்வரர் றிச்சர்ட் பிரான்சன் 1998 இல வாங்கி, 2005 இல சொகுசு ஹொட்டேலாய்த் திறந்தார். அறைகள் மட்டுமில்லை, 'பெர்பர் கூடாரங்களும்' அங்க இருக்கு. சிலதுக்குத் தனி நீச்சல் தடாகமும் உண்டு. ஆனால் அந்தப் பள்ளத்தாக்குச் சனம் கூடாரத்தில வாழுற ஆக்கள் இல்லை. அவையின்ரது கல்லாலயும் மண்ணாலயும் கட்டின வீடுகள். கூடாரம் ஆடு மேய்ச்சுத் திரியிற நாடோடிக் குடும்பங்களுக்கு உரியது.

2023 செப்டெம்பர் 8 இரவு 6.8 அளவான பூமியதிர்ச்சி வந்தது. 2,900க்கு மேல சனம் செத்தது. அதின்ர மையம் அஸ்னி இருக்கிற அதே அல் ஹவுஸ் மாகாணம். கல்வீடுகளும் மண்வீடுகளும் ஊர் ஊராய் விழுந்தன. வீடு இழந்த சனம் கூடாரத்துக்குப் போனது. சேதமடைஞ்ச ஹொட்டேலைத் திருத்தி 2024 ஒக்டோபரில திரும்பத் திறந்தார்கள். மலையில கன குடும்பங்கள் அப்பவும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள்ளதான். ஒரு கூடாரத்துக்கு இரவுக்கு இவ்வளவெண்டு காசு. மற்றக் கூடாரத்தில குளிரும் மழையும்தான் வாடகை.

இதுக்காக அந்த ஹொட்டேலைக் கெட்டது எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. அங்க வேலை செய்யிறவை பெரும்பாலும் சுற்றியுள்ள ஊர்க்காரர். பிரான்சனின்ர தாயார் தொடங்கின அறக்கட்டளை அந்த ஊர்ப் பெண்களுக்குத் தையல், நெசவு பழக்குது. நல்ல விஷயம்தான். ஆனால் எவ்வளவு குடுக்கிறது, எதுக்குக் குடுக்கிறது எண்டதைத் தீர்மானிக்கிறது குடுக்கிறவர்தானே?

அதே மலையில இன்னும் மேல, 4,167 மீற்றர் உயரமான துப்கால் சிகரத்தின்ர அடியில இம்லில் எண்ட ஊர் இருக்கு. அங்கயுள்ள 'கஸ்பா து துப்கால்' விடுதியும் வெளிநாட்டு முதலாளியோடதான் தொடங்கினது. ஆனால் தங்குறவையின்ர பில்லில 5 வீதம் தனியாய்ச் சேர்த்து எடுத்து ஊர்ச் சங்கத்துக்குக் குடுக்கினம். அந்தக் காசு அம்புலன்ஸ், குப்பை அள்ளுறது, பொதுக் குளியலிடம் எண்டு ஊருக்குப் போயிருக்கு. ஆரம்பப் பள்ளியோட படிப்பு நிண்டுபோற மலையூர்ப் பெண்பிள்ளைகளுக்கு, உயர்தரப் பாடசாலைக்குப் பக்கத்தில தங்கிப் படிக்க விடுதி கட்டுற 'எஜுகேஷன் ஃபோர் ஓல்' எண்ட அமைப்பும் 2007 இல இந்த வட்டத்துக்குள்ளயிருந்துதான் வந்தது. அதின்ர முதல் விடுதி அஸ்னியில.

ரெண்டு இடமும் சொகுசுதான். ரெண்டிலயும் கம்பளமும் புதினாத் தேநீரும் இருக்கு. வித்தியாசம் பில்லில இருக்கு. ஊரின்ர பங்கு அதில எழுதியிருக்கு, வந்து தங்குறவருக்கும் அது தெரியும், சங்கம் கேட்டு வாங்கலாம். இதுவும் முதலாளி மனம் வைச்சு நடக்கிறதுதான், சட்டமில்லை. சட்டமாய் வரவேணும் எண்டதுதான் எங்கட நிலைப்பாடு. ஒரு மக்களின்ர பேரை வித்துக் காசு பார்க்கிற எந்த விடுதியும் அந்த மக்களுக்கு எழுத்தில பங்கு குடுக்கவேணும்.

அட்லஸுக்குப் போகாதேங்கோ எண்டு சொன்னால் முதல்ல பட்டினி கிடக்கிறது இம்லிலில கோவேறு கழுதை ஓட்டுறவரும் மலை வழிகாட்டியும்தான். அதால போறவை போகட்டும். அறை பதியும்போது ரெண்டு கேள்வி மட்டும் கேட்கட்டும்: இந்தக் காசில ஊருக்கு எவ்வளவு? அதை எப்பிடிச் செலவழிக்கிறதெண்டு ஆர் தீர்மானிக்கிறது? பதில் இல்லாத விடுதி, 'பெர்பர்' எண்ட சொல்லைத் தன்ர விளம்பரத்திலயிருந்து எடுக்கட்டும்.