காலிமுகத்திடலும் ஆங்கிலேயர் மன்றமும்

ஆங்கிலத்தில் ‘கிறீன்’ என்பது பச்சை நிறத்தை மட்டும் குறிப்பதன்று. ஊர் நடுவே புல் படர்ந்து கிடக்கும் பொதுவெளிக்கும் அதுவே பெயர். மே மாதத்திற் கம்பம் நட்டு ஆடுவதும் கிரிக்கெட் விளையாடுவதும் அங்கேதான். நிலம் எவருடையதாயினும் அங்கே கூடி விளையாட ஊரார்க்கு வழக்கால் வந்த உரிமை உண்டு. நம் முன்னோர் மன்றம் என்றதற்கு இதனினும் நெருங்கிய ஆங்கிலச் சொல்லை யான் அறியேன்.

காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையை 1859இல் நிறைவுசெய்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பு மாதர், சிறார் நலங்கருதி அதனைப் பேணுமாறு தம் பின்னோரை வேண்டிக் கல்லிற் பொறித்துச் சென்றார். பெருந்தன்மைதான்; ஆயினும் உலாவுவோர்க்கு ஆள்வோர் அளித்த கொடையே அது. கூடியிருந்து முறையிடும் உரிமை அக்கல்லில் இல்லை.

1956 யூன் 5ஆம் நாள், தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் அங்கே அறவழியில் அமர்ந்த தமிழர் கும்பலால் அடியுண்டனர். அப்போதைய நாடாளுமன்றம் எதிரேதான் இருந்தது. பிற்காலத்தில் அக்கட்டடமே சனாதிபதி செயலகமாயிற்று. 2022இல் அதன் முன்னே மூவினத்தாரும் மாதக்கணக்கிற் கூடாரமிட்டிருந்தனர். அவ்வாண்டு மே 18இல், தமிழர் அடிபட்ட அதே திடலில், முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி பகிரப்பட்டது, சிங்களவரும் உடன்நின்றனர்.

யூலை 22 விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தனர்.