பின்லாந்துக்காரரின் பெட்டியும் நம் வள்ளல்களும்

பின்லாந்து என்று ஒரு தேசம் இருப்பது நம் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியவந்தது பூகோளப் புத்தகத்தினால் அல்ல, நோக்கியா கைப்பேசியினால்தான். குமணன்சாவடியிலிருந்து பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர்ச் சாலையில் இருபது மைல்கூடப் போக வேண்டியதில்லை. அங்கே ஸ்ரீபெரும்புதூரில் அத்தேசத்துக் கம்பெனி 2006-ல் தொழிற்சாலை வைத்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களில் இளம்பெண்களே மிகுதி. 2014 ஏப்ரலில் அக்கம்பெனி தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறில் சிக்கியிருந்த நம் பக்கத்துத் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

கம்பெனி வந்தது, போயிற்று. ஆனால் அந்தக் கருவியைச் செய்த ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்கள் மனிதனுக்கு மனிதன் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம் என்று கேட்கின்றோம். முதலாளி என்பவன் எந்தத் தேசத்தானாயினும் குறைந்த கூலியையும் வரிச் சலுகையையும் தேடி வருவானே தவிர, தன் ஊர்ச் சமத்துவத்தை மூட்டை கட்டிக்கொண்டு வரமாட்டான். அதை நாம்தான் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதைப்பற்றிச் சிறிது எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. பின்லாந்து கடவுள் கடாட்சத்தினால் செழித்த நாடு என்று யாரும் எண்ண வேண்டாம். ஜனத்தொகை சுமார் 55 லட்சம். நம் சென்னைப் பட்டணத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்தால் அதைவிட அதிகம். வடகோடியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியனே தலைகாட்டுவதில்லை. 1866 முதல் 1868 வரை வந்த பஞ்சத்தில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில் மாண்டார்கள். முதலில் ஸ்வீடன் ராஜா ஆண்டான்; 1809 முதல் ருஷ்யச் சக்கரவர்த்தி ஆண்டான். அவர்களுடைய சொந்த பாஷை குடியானவன் பாஷையென்று இகழப்பட்டு, 1863-ல்தான் அதை சர்க்கார் காரியங்களில் உபயோகிக்கலாம் என்று உத்தரவு பிறந்தது. 1917 டிசம்பர் 6-ந் தேதி சுதந்திரம் பெற்று, அடுத்த வருஷமே உள்நாட்டுச் சண்டையில் ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தார்கள். இப்படிப்பட்ட ஏழை நாடு இன்று மேலான நிலைக்கு வந்திருக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஜாதகமா, சட்டமும் படிப்புமா என்பதே கேள்வி.

படிப்பிலிருந்தே தொடங்குவோம். ஸ்வீடன் ஆட்சியில் 1686-ல் வந்த சர்ச் சட்டப்படி, வேத பாடம் வாசிக்கத் தெரியாதவனுக்கு நற்கருணை கிடையாது. நற்கருணைக்குத் தகுதிபெறாதவனுக்குக் கல்யாணம் கிடையாது. பாதிரி வீட்டுப் பக்கம் வந்து ஆணையும் பெண்ணையும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பரீட்சை செய்வான். ஜனங்கள் அறிவாளிகளாக வேண்டும் என்ற ஆசையினால் அவன் இதைச் செய்யவில்லை. தன் புத்தகத்தை அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே செய்தான். எழுதச் சொல்லிக்கொடுப்பதைப்பற்றி அவன் கவலைப்படவும் இல்லை. ஆனாலும் பலன் என்ன ஆயிற்று? வேத பாடம் படிக்கப் பழகிய கண் பத்திரிகையும் படித்தது, சட்டமும் படித்தது. அங்கே புரோகிதன் படிக்காதவனுக்குப் பெண் இல்லை என்றான். இங்கே புரோகிதன் படிக்கின்ற சூத்திரனுக்குத் தண்டனை என்றான். இரண்டு பேரும் புரோகிதர்கள்தான். ஆனால் இரண்டு உத்தரவுகளின் பலனை இன்று இரண்டு தேசங்களிலும் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து நாம் சொல்ல விரும்புவது ஒரு அட்டைப் பெட்டியைப்பற்றி. 1930-களில் பின்லாந்தில் பிறந்த 1000 குழந்தைகளில் சுமார் 65 குழந்தைகள் ஒரு வயதுக்குள் செத்துப்போயின. அதற்காக அவர்கள் யாகம் செய்யவில்லை. ஒரு சட்டம் செய்தார்கள். 1938 முதல் வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு சர்க்கார் ஒரு பெட்டி கொடுத்தது. அதில் குழந்தைக்கு வேண்டிய உடுப்பும், துணியும், படுக்கையும் இருக்கும். பெட்டியே தொட்டிலாகவும் உதவும். 1949-ல் இந்தப் பெட்டி பணக்காரி, ஏழை என்ற பேதமின்றி எல்லாத் தாய்மாருக்கும் உரியதாக்கப்பட்டது. ஒரே ஒரு நிபந்தனை: கர்ப்பமான நாலாவது மாதம் முடிவதற்குள் டாக்டரிடமோ தாய்சேய் நிலையத்திலோ காட்டிக்கொள்ள வேண்டும். அதாவது துணியைக் காட்டித் தாயை வைத்தியரிடம் வரவழைத்தார்கள். மந்திரி மனைவிக்கும் கூலிக்காரி மனைவிக்கும் ஒரே பெட்டி; ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே பெட்டி. பெட்டி ஒன்றினாலேயே எல்லாம் நடந்துவிடவில்லை. வைத்தியமும் சுகாதாரமும் கூடவே வளர்ந்தன. இன்று அங்கே 1000 குழந்தைகளில் இறப்பது சுமார் இரண்டு.

இந்த இடத்தில் நம் குமணன்சாவடியின் பெயரை நினைத்துப் பார்க்க வேண்டும். குமணன் என்றால் வள்ளல். நாடிழந்து காட்டிலிருந்த அவனிடம் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் வந்து, வீட்டில் சமையல் நின்று வெகு நாளாயிற்று, குழந்தைக்குத் தாயிடம் பாலில்லை என்று முறையிட்டார். கொடுக்க வேறொன்றும் இல்லாததால், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணி, தலையை வெட்டிக்கொண்டுபோகும்படி குமணன் வாளை நீட்டினான் என்பது கதை. இரண்டாயிரம் வருஷமாக இதைச் சொல்லி நாம் பூரித்துப் போகிறோம். குமணனைக் குறை கூறுவது நம் எண்ணமல்ல. ஆனால் அந்தக் குழந்தைக்கு ஏன் பாலில்லை, அதே ஊரில் பாடத் தெரியாதவன் வீட்டுக் குழந்தையின் கதி என்ன என்று ஒரு பண்டிதராவது கேட்டதுண்டா? பின்லாந்தில் தலை கொடுத்த வள்ளல் ஒருவன் இருந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அங்கே குழந்தையின் பாலுக்காக எவனும் யாரையும் புகழ்ந்து பாட வேண்டிய அவசியமும் இல்லை.

தருமம் என்றால் கொடுப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. உரிமை என்றால் இருவரும் சமம். நம் நாட்டிலும் சர்க்கார் கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுக்கிறது, அதை மறைப்பது யோக்கியமாகாது. 2015 முதல் தமிழ்நாட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்கும் சாமான் பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் இங்கே சர்க்கார் பணத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவர் படத்தை அதில் ஒட்டும் வழக்கம் இருக்கிறது. வாங்குகிறவரும் கைகூப்பி வாங்குகிறார். தன் வரிப்பணத்தைத் தானே வாங்கிக்கொள்ளக் கும்பிடு எதற்கு என்று கேட்கின்றோம்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் இதே கதைதான். இதில் நாம் பின்லாந்துக்கு இளைத்தவர்களல்ல. சென்னை நகரசபை 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. பின்லாந்தில் 1943-ல் சட்டம் செய்து 1948 முதல்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகப் போட்டார்கள். பின்னால் இங்கும் 1956-ல் காமராசர் காலத்திலும், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்திலும் திட்டம் விரிந்தது; 2022-ல் காலை உணவும் வந்தது. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே டாக்டர் பிள்ளையும் தெருக்கூட்டுபவர் பிள்ளையும் ஒரே பள்ளியில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். இது தானாக நடந்ததல்ல. அங்கும் ஒரு காலத்தில் பதினோரு வயதிலேயே பிள்ளைகளை மேல்படிப்புக்கு என்றும் கைவேலைக்கு என்றும் பிரித்துவிட்டார்கள். 1972-ல் வடக்கே ஆரம்பித்து 1977-க்குள் தேசம் முழுவதும் அந்தப் பிரிவை ஒழித்து ஒரே பொதுப்பள்ளி ஆக்கினார்கள். கட்டாயப் படிப்புக்குக் கட்டணமே இல்லை. நம் ஊரிலோ கையில் நாலு காசு சேர்ந்தவுடன் பிள்ளையைக் கட்டணப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சத்துணவை ஏழைச் சோறு ஆக்கிவிட்டோம். அந்தச் சோற்றிலும் சாதி பார்க்கிறோம். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு அம்மையார் சமைக்கக் கூடாதென்று கிராமத்தார் சிலர் கலகம் செய்தார்களே, அவர்கள் எந்தத் தேசத்தார்?

இனி அவர்களுடைய குளியல். சவ்னா என்பது மரத்தால் கட்டிய ஒரு சிறு அறை. அடுப்பின்மேல் கற்களைப் பழுக்கக் காயவைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, எழும்பும் ஆவியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்து, பிறகு குளிர்ந்த ஏரியில் இறங்குவார்கள். 55 லட்சம் ஜனங்களுக்குச் சுமார் 30 லட்சம் சவ்னாக்கள். அவர்கள் பார்லிமெண்டுக் கட்டடத்திலும் ஒன்று உண்டு. பழைய நாளில் பிரசவமும் அதில்தான். பிணத்தைக் கழுவியதும் அதில்தான். நமக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு இருப்பதுபோல அவர்களுக்கும் சனிக்கிழமைதான் சவ்னா நாள். ஆனால் அங்கே துணி இல்லாமல் உட்காருகிறவர்களில் எவன் முதலாளி, எவன் கூலி என்று தெரியாது. தெரிந்தாலும் எழுந்து நிற்கத் தேவையில்லை. இங்கே குளத்திலும் கிணற்றிலும் இறங்கியதற்காக மனிதனை அடித்த சரித்திரம் நமக்கு உண்டு. அழுக்கைக் கழுவும் தண்ணீரிலேயே நாம் சாதி அழுக்கைக் கரைத்து வைத்தோம்.

பேச்சிலும் அப்படியே. அவர்கள் பாஷையில் அவன், அவள் என்ற பேதம் இல்லை. இருவருக்கும் ஹேன் என்ற ஒரே சொல். பாஷையினாலேயே சமத்துவம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. வங்காளியிலும் அந்தப் பேதம் இல்லை. அதனால் அங்கே விதவைக்கு விடுதலை வந்துவிடவில்லை. பின்லாந்துக்காரர்கள் 1906-ல் பெண்களுக்கு ஓட்டுரிமையும், தேர்தலுக்கு நிற்கும் உரிமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1907 தேர்தலில் 200 பேரில் 19 பெண்கள் ஜெயித்தார்கள். 1929-ல் மனைவி புருஷனுடைய பாதுகாப்புக்கு உட்பட்டவள் என்ற சட்டத்தையும் எடுத்தார்கள். அதே 1929-ல் நம் செங்கல்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்து வேண்டுமென்று தீர்மானித்தோம். அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, 60 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்னும் நம் தெருவில் நரைத்த தலையுடைய துப்புரவுத் தொழிலாளியைப் பத்து வயதுப் பையன் “வாடா, போடா” என்கிறான். பெற்றவன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். தமிழில் மரியாதைச் சொல்லுக்குப் பஞ்சமா, நம் புத்திக்குப் பஞ்சமா?

பகுத்தறிவுக்கு இன்னொரு உதாரணம். 1970 வாக்கில் பின்லாந்தின் கிழக்கே வட கரேலியா என்ற ஜில்லாவில் நடுவயது ஆண்கள் மார்வலியால் திடீர் திடீரென்று செத்தார்கள். உலகத்திலேயே அங்கேதான் அது அதிகம். விதி என்று சொல்லி அவர்கள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஜனங்களே சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள். 1972-ல் வேலை ஆரம்பமாயிற்று. வெண்ணெய், உப்பு, புகையிலை ஆகிய மூன்றுமே எமன் என்று கண்டு, வீடு வீடாகவும் கடை கடையாகவும் சொல்லிக் குறைத்தார்கள். நாற்பது வருஷத்திற்குள் உழைக்கும் வயது ஆண்களில் அந்தச் சாவு நூற்றுக்கு எண்பதுக்குமேல் குறைந்துபோயிற்று. எமனைத் துரத்தியது மிருத்யுஞ்சய ஹோமமல்ல. ஊறுகாய் உப்பும் பீடிக்கட்டும் குறைந்ததுதான் என்பதை நீரிழிவும் இரத்தக்கொதிப்பும் மலிந்த நம் நாட்டார் கவனிக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் என்பதனால் நாம் அவர்களைத் தூக்கிப் பேசவில்லை. அவர்களிடமும் கறைகள் உண்டு. வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடியாரின் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் வைத்துத் தாய்பாஷையை மறக்கடித்தார்கள். 1935-ல் சட்டம் செய்து, பித்தர் என்றும் குறையுள்ளவர் என்றும் சொல்லிப் பலரைக் கட்டாயமாக மலடாக்கினார்கள். இன்றும் லூத்தரன் சபை அதன் அங்கத்தினரிடம் சர்க்கார் மூலமாக வரி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே யாரையும் கும்பிடவேண்டாம். நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதைத் தள்ளவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

கடைசியாக, நாம் வேண்டிக்கொள்வது பெரிய காரியமல்ல. கர்ப்பமான பெண்ணை நாள் நட்சத்திரம் பார்த்துத் தாமதிக்காமல் ஆரம்பத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புங்கள். நம் தெரு சர்க்கார் பள்ளியில் உங்கள் பிள்ளையையும் சேர்த்து, எல்லோரோடும் சாப்பிடவிட்டு, பள்ளி சரியில்லையென்றால் போய்ச் சண்டை போடுங்கள். வசதியுள்ளவன் பிள்ளை இருக்கும் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகாது. குப்பை எடுக்க வருபவரை “வாங்க” என்று கூப்பிடப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். சர்க்கார் கொடுப்பதை நிமிர்ந்து நின்று வாங்குங்கள்; கொடுக்காததைக் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். இதற்கெல்லாம் பின்லாந்துக் குளிரும் வேண்டாம், கப்பல் சீட்டும் வேண்டாம். நமக்கு இனி வேண்டியது தலை கொடுக்கும் குமணன் அல்ல, எவனும் கை நீட்ட வேண்டாத ஏற்பாடே என்பதை வாசகர்கள் நன்றாய் ஆலோசித்துப் பார்ப்பார்களாக.