புகார் கொடுக்கப் போனவர்கள்

மனிதக் கடத்தல் என்றதும் நம்மில் பலருக்கு 2015-இல் பெர்லிஸ், வாங் கெலியான் காட்டில் கண்டெடுக்கப்பட்ட 139 புதைகுழிகள்தாம் நினைவுக்கு வரும். நான் எழுத நினைப்பது எங்கள் கோத்தா திங்கி மாவட்டத்தில், தார்ச்சாலையில் நடந்த ஒன்றைப் பற்றி.

2023 டிசம்பரில் பெங்கேராங்கில் 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் காவல் நிலையத்தை நோக்கி நடந்தே போனார்கள். வேலை தருவதாக அழைத்து வந்த முகவர் வேலை தரவில்லை என்று புகார் கொடுக்க! அவர்களையே குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் தடுத்து வைத்தார்கள். உள்துறை, மனிதவள அமைச்சுகள் கூட்டாக அறிக்கை விட்டதெல்லாம் பிறகுதான்.

நம் பாட்டன்மாரும் கங்காணியின் முன்பணக் கடனோடு கப்பலேறியவர்கள்தாமே? 'பங்ளா' என்று கேலி பேசும் நம் நண்பர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடத்தலை ஒழிக்க அமலாக்கத் துறைகள் தகவல்களைப் பகிர வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். 2007-ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறை, குடிநுழைவு, சுங்கம், கடல்துறை அமலாக்க நிறுவனம், தொழிலாளர் இலாகா என ஐந்து தரப்புக்கும் அதிகாரம் தருகிறது. அந்த 171 பேர் விஷயத்தில் எந்தத் தகவல் இல்லாமல் போயிற்று? எந்த நிறுவனத்துக்கு எத்தனை பேர், விசா யார் பெயரில் என்பதெல்லாம் அரசாங்கக் கோப்பில் இருந்தவைதாமே! ஒருவர் பெர்மிட்டைப் பார்க்கிறார், ஒருவர் கூட்டத்தைப் பார்க்கிறார். சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டியவர் கடைசியில் வருகிறார்.

கடத்தப்பட்டவர் மீது சட்டவிரோதமாகத் தங்கியதற்காக வழக்குத் தொடுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஒருவர் கடத்தப்பட்டவரா என்பதை முதலில் அவரிடம் கேட்க வேண்டுமே. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில் ஆசிரியரிடம் மலாயில் ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு நா எழாது. வங்காள மொழி மட்டும் தெரிந்தவர் காவல் நிலைய முகப்பில் என்ன சொல்ல முடியும்?

என் கருத்தில், கடத்தல்காரனைப் பற்றிய முதல் உளவுத் தகவல் அந்தத் தொழிலாளியின் வாயில்தான் இருக்கிறது. புகார் கொடுத்தால் லாக்கப் என்றால் அடுத்த 171 பேர் வாய் திறக்க மாட்டார்கள். பிறகு ஐந்து துறைகளும் எதைப் பகிர்ந்துகொள்வது? ஆகவே, இப்படி ஒரு கூட்டம் நிலையத்துக்கு வந்தால், கைவிலங்கை எடுக்குமுன் தொழிலாளர் இலாகா அதிகாரியையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் அழைக்க வேண்டும். அன்றே முதலாளியின் கோப்பைத் திறக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.