வீடு விடுதியாகலாமா?

"என் வீட்டை யாருக்கு விட்டால் அரசுக்கென்ன?" என்று கேட்போர் உண்டு. நியூயார்க் நகரம் இதற்கு விடை கூறியிருக்கிறது. 30 நாட்களுக்குக் குறைவாகப் பயணிகளுக்கு வீடு விடுவோர் மாநகர நிர்வாகத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்காரரும் உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு இணைய நிறுவனங்கள் பணம் பெற்றுத் தரவும் கூடாது. 2023 செப்டம்பர் முதல் இச்சட்டம் செயல்படுகிறது.

வெளியூர் செல்லும் குடும்பம் தன் வீட்டைச் சில நாள் விட முடியாதது குறையே. ஆயினும், ஓர் அறையை விட்டுப் பிழைப்பவரையும், பல வீடுகளை வளைத்துப்போட்டு வாணிபம் செய்பவரையும் எப்படிப் பிரித்தறிவது? பதிவேடுதானே வழி! குடியிருக்க வீடின்றி உழைப்பாளர் வெளியேறிவிட்டால், அந்நகரில் பயணி எதைக் காண வருவார்? வீடு முதலில் வாழ்வதற்கே; வருவாய் பிறகுதான்.