வீழ்தலும் ஒரு கல்வியே

நடக்கக் கற்றவர் யாவரும் முன்னர் விழுந்தெழுந்தவரே ஆவர். தவழும் குழவி எழுந்து நிற்க முயன்று பன்முறை வீழ்கின்றது, அழுகின்றது, தாய் ஓடிவந்து எடுத்து மண்ணைத் துடைத்து விடுகின்றாள், அது மீண்டும் எழுகின்றது. வீழ்ந்தமைக்காக அக்குழவி நாணுவதில்லை. அடிபட்ட இடத்தைத் தாய்க்கு மறைப்பதுமில்லை. நாமோ வளர வளர, நாணவும் மறைக்கவும் கற்றுக்கொள்கின்றோம். இவ்விரண்டும் நம்மனோர்க்கு விளைக்கும் தீங்கினைக் கலிபோர்னியாவிற் பிறந்த ஒரு விளையாட்டினை வாயிலாகக் கொண்டு ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன். தமிழ் இலக்கியம் பயிலும் மாணவன் சக்கரப் பலகையைப் பற்றியும் சிராய்ப்புப் புண்ணைப் பற்றியும் எழுதுவது என்னை என்று நண்பர்கள் நகைக்கலாம். என் வலமுழங்கையிற் பதிந்துள்ள கரும்புள்ளிகளே அதற்கு விடை. அவை வந்த வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

லாங்போர்டு என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமும், ஒருவர் நிற்றற்குப் போதிய அகலமும் உள்ள மரப்பலகையாகும். அதனடியில் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு அச்சுகளும், அச்சுக்கு இரண்டாக நான்கு சக்கரங்களும் உள்ளன. பற்றிக்கொள்ளக் கைப்பிடி இல்லை. நிறுத்துதற்குப் பிரேக்கும் இல்லை. உடலை ஒருபுறம் சாய்த்தால் பலகை அப்புறம் திரும்பும். அலைமீது பலகையிட்டு ஊர்தல் ஹவாய்த் தீவினர் தொன்றுதொட்டு ஆடிவந்த ஆட்டம். அதனைப் பயின்ற கலிபோர்னியக் கடற்கரை இளைஞர், அலை எழாத நாட்களிற் சும்மா இருக்க மனமின்றி, 1950ஆம் ஆண்டினையொட்டிய காலத்திற் பலகைக்குச் சக்கரம் பூட்டித் தெருவில் ஊரத் தொடங்கினர். அந்நாளைய சக்கரங்கள் இரும்பாலும், பின்னர்க் களிமண் கலந்த பொருளாலும் ஆயவை. சிறு கல் ஒன்று தட்டினும் பலகை அங்கேயே நின்றுவிடும்; அதன்மேல் நின்றவர் முன்னே தூக்கி எறியப்படுவார். 1970களின் தொடக்கத்திற் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பார் யூரித்தேனாற் செய்த சக்கரங்களைப் பலகைகளுக்குப் பரப்பினார். அவை சாலையைப் பற்றிக்கொண்டு வழுவழுப்பாக ஓடின. வேகம் பெருகிற்று, வேகத்தோடு வீழ்ச்சியின் கடுமையும் பெருகிற்று.

கலிபோர்னியாவின் லாங்பீச் நகரையடுத்த சிக்னல் ஹில் என்னும் குன்றிலே 1975 முதல் 1978 வரை சரிவுப் பந்தயங்கள் நிகழ்ந்தன. 1978ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஓட்டுவோரும் பார்ப்போரும் காயமுறவே, அது அத்துடன் நின்றது. ஆயினும் அதே கலிபோர்னியாவிற் பெர்க்லிக் குன்றுகளிலே கிளிஃப் கோல்மன் என்பார் வேறொரு வழி கண்டார். கையுறை அணிந்த கையொன்றைச் சாலையில் ஊன்றி, உடலைத் தாழ்த்திப் பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கவிட்டு வேகத்தை அடக்குதலே அவ்வழி. அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதனைப் பயில்வோரின் கையுறையில் உள்ளங்கைப்புறத்தே கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 2017இற் பீட்டர் கானலி என்பார் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நின்றபடியே சரிவிறங்கி மணிக்கு 146.73 கிலோமீட்டர் வேகம் கண்டார். இத்தகைய வேகத்தை நாடுவோர் முகத்தையும் மூடும் தலைக்கவசமும் உடல் முழுதும் போர்க்கும் தோலாடையும் அணிந்தே இறங்குகின்றனர். இதனால் நாம் அறியக் கிடப்பது யாது? அவ்விளையாட்டில் வல்லவர் வீழ்ச்சியை இகழ்ந்தவரல்லர்; அதனை எதிர்பார்த்து ஆயத்தம் செய்துகொண்டவர். நம்முள் வீரம் பேசுவோர் பலர் தலைக்கவசத்தையே கோழையின் அடையாளமெனக் கருதுகின்றனர். எத்துணைப் பேதைமை!

இனி, என் கதைக்கு வருவேன். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில், கலிபோர்னியாவிற் பயிலும் என் பெரியம்மா மகனாகிய அண்ணன் குன்னூரிலுள்ள எங்கள் பாட்டி வீட்டிற்கு வந்திருந்தார். தம் பலகையையும் உடன் கொணர்ந்திருந்தார். எனக்கும் கற்பிக்க வேண்டுமென்று நான் கெஞ்சினேன். அவர் முதல் இரண்டு நாளும் பலகையை என் கண்ணிற் காட்டவே இல்லை. புல்தரையில் என்னை ஓடச் செய்து விழச் சொன்னார். மோவாயை மார்போடு ஒட்ட வேண்டும்; நீட்டிய கையை விறைப்பாக ஊன்றலாகாது; ஊன்றினால் மணிக்கட்டின் சிற்றெலும்பு முறியும்; தோளின் பின்புறத்தால் தரையைத் தொட்டு உருள வேண்டும் என்றெல்லாம் திரும்பத் திரும்பச் செய்வித்தார். “அண்ணா, நான் ஓட்டக் கற்க வந்தேனா, உருளக் கற்க வந்தேனா?” என்றேன். “உருளத் தெரிந்தவனே நாளைக்கும் ஓட்டுவான், தம்பி,” என்றார் அவர்.

எனக்குப் பொறுமையில்லை. மூன்றாம் நாள் விடியலில் ஒருவரும் எழுமுன் பலகையை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தருகே உள்ள சரிவுச் சாலைக்குச் சென்றேன். கையுறை இல்லை, தலைக்கவசமும் இல்லை. சிறிது தூரம் இன்பமாகவே சென்றது. பின்னர்ப் பலகை இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கிற்று. அந்நிலையில் உடற்பாரத்தை முன்காலில் இருத்தித் தளர்வாக நிற்க வேண்டுமென்பது விதி. நான் அஞ்சிப் பின்னே சாய்ந்தேன், நடுக்கம் மிகுந்தது, கீழே குதித்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேற் கடக்கின்றார். நான் அதனினும் மெதுவாகவே சென்றிருப்பேன். எனினும் என் கால்களால் அவ்வேகத்தோடு ஓட இயலவில்லை. முழங்கையும் முழங்காலும் தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டே சென்றன. தலை தப்பியது தற்செயலேயன்றி என் அறிவினாலன்று.

இதுவரை நிகழ்ந்தது பிழை. இதன்பின் யான் செய்ததே பெரும்பிழை. வீட்டிற்குத் திரும்பி, ஓசைபடாமற் பலகையை வைத்துவிட்டுப் புண்ணை உலர்ந்த துணியால் ஒற்றி, அடுக்களையிலிருந்த காப்பித்தூளை அப்பி, முழுக்கைச் சட்டையை அணிந்துகொண்டேன். அண்ணன் நகைப்பார் என்னும் நாணம் ஒருபுறம். இனித் தொடவொட்டார் என்னும் அச்சம் ஒருபுறம். இரவில் துணி புண்ணோடு ஒட்டும், காலையிற் பிய்த்தெடுப்பேன். ஐந்தாம் நாள் முழங்கை வீங்கிற்று; புண்ணைச் சுற்றிச் செம்மை பரவிற்று; காய்ச்சலும் வந்தது. நெடுங்காலம் மருத்துவமனையில் நர்சாக இருந்த பெரியம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார். பொருக்கின் அடியிலே சீழும், சீழின் நடுவே சாலையின் கருமணலும் இருந்தன. அவர் கடிந்துகொள்ளவில்லை. “விழுந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலைதானே, தம்பி,” என்று மட்டும் கூறினார். பத்து நிமிட வேலை பத்து நாள் மருத்துவமாயிற்று. மணலிற் சில துகள்கள் தோலுக்குள் மூடப்பட்டுப் பச்சை குத்தியது போல் நிலைத்துவிட்டன. என் முழங்கைப் புள்ளிகள் அவையே.

அப்பத்து நிமிட வேலை யாதென்பதை நம் மாணவர் அனைவரும் அறிதல் நன்று. நம் மேற்றோல் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரிற் பத்திலொரு பங்களவே கனமுடையது. சாலை அதனை உராய்ந்தெடுக்கும்போது அதன்கீழுள்ள நரம்பு நுனிகள் பரவலாக வெளிப்படுகின்றன. ஆகலின், ஆழமற்ற சிராய்ப்பு ஆழ்ந்த வெட்டினும் மிகுதியாக எரிதல் உண்டு. எரிச்சலுக்கு அஞ்சிக் கழுவாது விடுவதே முதற்றவறு. வீழ்ந்தவர்க்குத் தலையில் அடியோ எலும்பில் முறிவோ இல்லையென்பதை முன்னர்த் தெளிய வேண்டும். மயக்கம், வாந்தி, குழப்பம் இவற்றுள் ஒன்று காணினும் புண்ணை விடுத்து மருத்துவமனைக்கு விரைக. அவை இல்லையேல், கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு, ஓடும் தூய நீரிற் புண்ணைச் சில நிமிடமேனும் காட்டுக. குடித்தற்கேற்ற குழாய்நீரே போதும். மணலை நனைந்த காஸ் துணியால் மெல்லத் துடைத்தெடுக்க வேண்டும். எஞ்சியதை வெந்நீரிற் கொதிக்க வைத்த இடுக்கியால் எடுக்கலாம். எடுக்கவியலாதபடி பதிந்ததையும், மூட்டினை ஒட்டிய ஆழ்ந்த புண்ணையும், உள்ளங்கையளவினும் பெரியதாய்ப் பரந்த புண்ணையும், முகத்துப் புண்ணையும் மருத்துவரிடமே விடுதல் வேண்டும். டிங்சர் அயோடின், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு முதலியவை கிருமியைக் கொல்லுமாயினும், புண்ணை மூட வரும் புதிய உயிரணுக்களையும் உடன் வருத்தும். ஆதலால் திறந்த புண்ணில் அவற்றை ஊற்றுதல் தகாது.

கழுவிய பின் புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்த வேண்டுமென்று நம் இல்லங்களிற் கூறுவர். 1962ஆம் ஆண்டிலே ஜார்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலிற் சிறு புண்களை உண்டாக்கிச் சிலவற்றை உலரவிட்டும், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்தும் ஒப்பிட்டார். ஈரமாக வைத்த புண்களில் மேற்றோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவிற் படர்ந்தது. அதன் காரணம் எளியது. புதிய தோலணுக்கள் புண்ணின் விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வருகின்றன. ஈரமான பரப்பில் அவை தடையின்றி ஊரும். உலர்ந்த பொருக்கு இருப்பின் அதன் அடியைத் துளைத்துக்கொண்டு செல்ல வேண்டும். ஆகவே, வாசலினை மெல்லப் பூசிப் புண்ணோடு ஒட்டாத துணியால் மூடி, நாடோறும் மாற்றுதலே முறை. செம்மை பரவுதல், வெப்பம், வீக்கம், சீழ், காய்ச்சல் இவற்றைக் கண்டால் மருத்துவரை நாட வேண்டும். மண்பட்ட புண்ணாயின், முந்திய டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டிற்கு மேலாயிற்றா என்பதையும் எண்ணிப் பார்த்து, ஆயிற்றெனின் மீண்டும் போட்டுக்கொள்க. புண் ஆறிய பின்னும் புதிய தோலைச் சில திங்கள் வெயிலினின்று காத்தல் நன்று. இல்லையேல் கருமை தங்கும்.

“மஞ்சளும் காப்பித்தூளும் நம் முன்னோர் கண்ட மருந்தன்றோ? அவற்றைப் பழிக்கலாமோ?” என்பார் உளர். மஞ்சளின் பெருமையை மறுப்பது என் கருத்தன்று. அது குழம்பிற்கு இன்றியமையாதது. ஆயின், அடுக்களைத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. புண்ணில் அப்பியபோது சாலைமணலோடு அதுவும் ஒரு மணலாகின்றது. அன்றியும், அதன் நிறம் புண்ணின் செம்மையை மறைக்கின்றது. நோயின் அறிகுறியை மறைக்கும் பொருள் மருந்தாவது எங்ஙனம்?

“இத்துணை இடர் தரும் ஆட்டத்தைத் தடுத்துவிட்டால் என்ன?” என்று பெரியோர் சிலர் வினவலாம். பலகையைத் தடுத்தாலும் சாலையைத் தடுத்தல் கூடுமோ? சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் வளைவிற் சிதறிய மணலில் வழுக்கி வீழும் நம் மாணவர் எத்துணையர்! அவர் பெறும் புண்ணும் இப்புண்ணே. தடை மாணவனை வீழாமற் காப்பதில்லை. வீழ்ந்ததைச் சொல்லாமலே காக்கின்றது. நான் மறைத்ததற்கும் தடையுண்டாகும் என்னும் அச்சம் ஒரு காரணமன்றோ? போக்குவரத்துச் சாலையில் ஆடலாகாது, தலைக்கவசமும் கையுறையுமின்றி ஏறலாகாது என்னும் விதிகள் வேண்டுவனவே. அவற்றிற்கு மேல் வேண்டுவது கல்வி.

ஆகவே, நம் கல்லூரிக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். விடுதிதோறும் காஸ் துணியும் வாசலினும் இடுக்கியும் ஒட்டாத கட்டுத்துணியும் உள்ள பெட்டி ஒன்று, பூட்டப்படாமல், குழாயடிக்கு அருகே இருத்தல் வேண்டும். பூட்டிய பெட்டியின் திறவுகோலைக் கேட்க நாணியே பலர் புண்ணை மறைக்கின்றனர். ஆண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரமேனும் விழுதலையும் உருளுதலையும் கழுவுதலையும் கற்பித்தல் வேண்டும். மூன்றாவது, பொருட்செலவில்லாதது, ஆயினும் அரியது. அடிபட்டு வரும் மாணவனை முதலிற் கழுவிக் கட்டிவிட்டுப் பின்னரே “எங்கு விழுந்தாய், ஏன் சென்றாய்?” என்று வினவுதல் வேண்டும். ஆசிரியர்க்கு மட்டுமன்றி, நகைத்தலில் வல்ல நம் நண்பர்கட்கும் இதனைச் சொல்லுகின்றேன்.

அண்ணன் மீண்டும் கலிபோர்னியா செல்லுமுன் தம் கையுறைகளை என்னிடம் விட்டுச் சென்றார். வரும் விடுமுறையிற் புல்தரையில் மூன்றாம் நாட் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். மீண்டும் வீழ்வேன் என்பதில் ஐயமில்லை. வீழ்ந்தால், நேரே பெரியம்மாவிடம் செல்வேன்.