செய்த கருவியைப் பிரிக்க வேண்டாம்... உங்கள் அர்டினோவே ஒரு புரோகிராமர்தான்!

ஸ்கூல் புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். போன மாதம் செடிக்குத் தண்ணீர் விடும் கருவி செய்திருப்பார்கள். நன்றாகவே வேலை செய்திருக்கும். இந்த மாதம் வேறொன்று செய்ய வேண்டும், கையில் இருப்பதோ ஒரே ஓர் அர்டினோ ஊனோ போர்டு. வேறு வழியில்லாமல் பழைய கருவியைப் பிரித்துவிடுவார்கள். உழைத்துச் செய்தது போட்டோவில் மட்டும் மிஞ்சும்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முழு போர்டு தேவையில்லை. ஏடிடைனி85 என்ற எட்டு பின் சிப் போதும். விரல் நக அளவுதான் இருக்கும். நினைவகம் வெறும் 8 கேபி. ஆனால் மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாருக்கு சிக்னல் கொடுக்க அது தாராளம்.

ஒரே சிக்கல், இந்த சிப்பில் யூ.எஸ்.பி கிடையாது. கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை இதற்குள் ஏற்ற 'புரோகிராமர்' என்ற கருவி வேண்டும். அந்த வேலையை உங்கள் ஊனோவே செய்யும். ஊனோவில் இருக்கும் சிப்பும் ஏடிடைனியும் ஏ.வி.ஆர் என்ற ஒரே குடும்பம். நார்வேயில் ஆல்ஃப்-எகில் போகன், வெகார்ட் வோலன் என்ற இரு மாணவர்களின் யோசனையில் பிறந்த குடும்பம் அது.

என்னென்ன தேவை?

ஊனோ, ஏடிடைனி85, பிரெட்போர்டு, ஆறு ஜம்பர் ஒயர், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். சோதிக்க ஒரு எல்.இ.டி, 330 ஓம் ரெசிஸ்டர்.

எப்படி இணைப்பது?

சிப்பின் மேல் உள்ள புள்ளிக்குப் பக்கத்தில் இருப்பது 1-வது பின். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் எண்ணுங்கள்.

* ஊனோ 10 – சிப் 1
* ஊனோ 11 – சிப் 5
* ஊனோ 12 – சிப் 6
* ஊனோ 13 – சிப் 7
* ஊனோ 5 வோல்ட் – சிப் 8
* ஊனோ கிரவுண்ட் – சிப் 4

புரோகிராம் ஏற்றுவது எப்படி?

1. அர்டினோ மென்பொருளின் எக்ஸாம்பிள்ஸ் பகுதியில் உள்ள 'அர்டினோ ஐ.எஸ்.பி' புரோகிராமை ஊனோவில் ஏற்றுங்கள்.

2. அதன் பிறகு கெப்பாசிட்டரை ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டுங்கள். கோடு போட்ட நெகட்டிவ் கால் கிரவுண்டுக்கு. கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும்போதெல்லாம் ஊனோ தானாக ரீசெட் ஆகி, புரோகிராம் தனக்குத்தான் வருகிறது என்று நினைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டர் அதைத் தடுக்கிறது.

3. 'ஏடிடைனி கோர்' தொகுப்பை மென்பொருளில் சேர்த்து, போர்டு ஏடிடைனி85, கிளாக் 8 மெகாஹெர்ட்ஸ் இன்டர்னல், புரோகிராமர் 'அர்டினோ ஆஸ் ஐ.எஸ்.பி' என்று தேர்ந்தெடுங்கள்.

4. ஒரு முறை 'பர்ன் பூட்லோடர்' கொடுங்கள். இது சிப்பின் வேகத்தை அமைக்கும். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். இதைச் செய்யாமல் விட்டால், ஒரு நொடிக்கு ஒரு முறை மின்ன வேண்டிய எல்.இ.டி எட்டு நொடிக்கு ஒரு முறைதான் மின்னும்.

5. சிப்பின் 3-வது பின்னில் ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி-யை இணைத்து, அதன் இன்னொரு காலை கிரவுண்டில் கொடுங்கள். பிளிங்க் புரோகிராமில் பின் எண்ணை 4 என்று மாற்றி, 'அப்லோட் யூஸிங் புரோகிராமர்' கொடுங்கள். புரோகிராமில் அந்த பின்னுக்குப் பெயர் 4 என்பதால்தான் இந்த மாற்றம்.

வேலை செய்யவில்லையா?

'டிவைஸ் சிக்னேச்சர்' எல்லாம் பூஜ்யமாக வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஒயர் இடம் மாறியிருக்கும், அல்லது சிப் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ரீசெட் பின்னைச் சாதாரண பின்னாக மாற்றும் செட்டிங்கைத் தொடாதீர்கள். மாற்றிவிட்டால் இந்த புரோகிராமரால் அந்த சிப்போடு மறுபடி பேச முடியாது. 12 வோல்ட் கொடுக்கும் வேறு வகை புரோகிராமர்தான் அதை மீட்கும்.

எல்.இ.டி மின்னியதும் சிப்பைக் கழற்றிக் கருவியில் மாட்டிவிடலாம். 3 முதல் 5 வோல்ட் வரை கொடுத்தால் தனியாகவே ஓடும். ஊனோ அடுத்த புராஜெக்ட்டுக்கு ஃப்ரீ!

அடிக்கடி பயன்படுத்துவீர்கள் என்றால், டாட் போர்டில் எட்டு பின் ஐசி சாக்கெட்டை சால்டர் செய்து இதே இணைப்புகளை நிரந்தரமாக்கிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் சால்டர் செய்யும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். செடிக்குத் தண்ணீர் விடும் கருவி இனி பால்கனியிலேயே இருக்கலாம்.